தவிட்டுக்கு விற்ற பிள்ளை

அது எழுபத்தெட்டா, ஒன்பதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அன்றைக்கு நான் வாய் திறந்தேனா என்பதும் தெரியவில்லை. திறந்ததாகச் சில நாள் தோன்றும். திறந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்றும் தோன்றும்.

முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். எனக்கு மில் வேலை. முதல் இரண்டு பிள்ளைகளும் ஆண்டு திரும்புவதற்குள் ஜுரத்தில் போய்விட்டன. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், வழக்கப்படி, எதிர்வீட்டு ஆதிலட்சுமிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றோம். பேச்சுக்கு அவள் பிள்ளை, வளர்ப்பது நாங்கள். சாவு ஏமாந்துபோகும் என்று நம்பிக்கை. தவிட்டம்மா என்றே பெயர் வைத்தோம்.

ஒன்பதாம் மாதம் அதற்கும் ஜுரம் கண்டது. என் மனைவி அமிர்தவல்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஆதிலட்சுமி மடியில் போட்டாள்.

"எங்கை ராசி ஆவாதுக்கா. நீயே வச்சிக்கோ."

டாக்டரிடம் ஓடியது நான். மூன்று நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து பாலாடையில் மருந்து புகட்டியதும் நான்தான். பிள்ளை பிழைத்தது. ஆதிலட்சுமியின் கைராசி என்றது தெரு. நானும் அதைத்தான் நம்பினேன்.

அமிர்தம் பிள்ளையைத் திரும்பக் கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அது தவழ்ந்து எங்கள் படிக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

ஆதிலட்சுமி புருஷன் கலியபெருமாளுக்குச் சேதராப்பட்டில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்ற மாட்டுவண்டி வந்து நின்ற காலையில், அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி அமிர்தம், எனக்கே நாலு கெடக்குது. வெளாட்டுக்கு வாங்குனத நெசமாவே எந்தலையில கட்டிட்டியே. புடி."

"வேணாங்க்கா. எங்கிட்ட இருந்தா செத்துடும்."

"எம்புள்ளைங்களுக்கு ஜுரமே வரலியா? நான் இன்னா மாரியாத்தாளா? நேத்துகூட ஒன்னு கொழாயடில வழுக்கி மண்டைய ஒடச்சிக்கினு வந்து நிக்குது."

அமிர்தம் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆதிலட்சுமி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீயாச்சும் வாங்கிக்கோ."

மருந்து கொடுத்தவன் நான், என்னாலும் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். கையை நீட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை முகத்தைத் திருப்பி ஆதிலட்சுமி தோளில் புதைத்துக்கொண்டது. இதற்கும் ஏதாவது வந்துவிட்டால் என்று நினைத்தேன். கை அதற்கு மேல் போகவில்லை. வண்டிக்காரன் வெயில் ஏறுகிறது என்றான். ஆதிலட்சுமி பிள்ளையோடு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஆதிலட்சுமி ஐந்து பிள்ளைகளோடு சேதராப்பட்டில் இருக்கிறாள். தவிட்டம்மா ஒன்பதாவது படிக்கிறாள். பொங்கலுக்கு வரும்போது என்னை மாமா என்று கூப்பிடுகிறாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அமிர்தவல்லி எண்பத்தாறில் இறந்துபோனாள். நான் இன்னும் மில்லுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.