நாலரை மணி இசை

"நாலரைக்கா? அஞ்சு மணிக்குத்தானே போடுவாங்க?"

"அக்டோபர் பொறந்தாச்சு சிகுசா. சீக்கிரம் இருட்டுதுல்ல, அதான் நேரத்த மாத்திட்டாங்க. வருசா வருசம் நடக்கறதுதானே," என்றார் போனில் மேனேஜர் ஒரிஹரா. "விடு. உன் ரசிகனுங்க உன் குரலக் கேப்பானுங்களா, ஊர் ஸ்பீக்கரக் கேப்பானுங்களா?"

பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிச் சாயங்காலம் தெருக் கம்பத்து ஸ்பீக்கர்களில் ஒலிக்கும் அந்த இசை ஊருக்கு ஊர் வேறு. சிகுசா வீட்டிலிருந்து செய்யும் நேரலையில் அது கேட்டுவிட்டால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மைக்கை அணைக்க வேண்டும் என்பது கம்பெனியின் முதல் விதி. அந்தக் கோடையில்தான் அங்கே குடிவந்த அவளும் ஐந்து மணிக்குத் தவறாமல் அணைப்பாள். அன்று நாலரைக்கே முழு இசையும் காற்றில் போய்விட்டது.

அவள் முகத்தை ரசிகர்கள் யாரும் பார்த்ததில்லை. திரையில் தெரிவது மிஸோரே: வெள்ளை முடி, நரிக்காது, கார்ட்டூன் பெண். கேமரா சிகுசாவின் முகத்தைப் படித்து மிஸோரேயின் வாயைத் திறக்கும், மூடும். சிகுசா கீச்சுக்குரலில் கொஞ்சினால் கேட்கிறவர்கள் சொக்கிப்போவார்கள். சொந்தப் பெயரும் சொந்தக் குரலும் வெளியே வந்தால் மிஸோரே அன்றே செத்தாள். இது இரண்டாவது விதி.

அடுத்த மாதம் ஒரு மதியம் பேய் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. புது ஹெட்போன் வர வேண்டிய நாள். ரசிகர்களிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். தொப்பி போட்ட ஆள், கையில் பெட்டி. கையெழுத்துப் போட அவள் பேனாவுக்குத் திரும்பிய நேரத்தில் அவன் உள்ளே வந்தான். குனிந்து ஷூக்களைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கும்படி ஜோடியாகத் திருப்பி வைத்தான். பிறகுதான் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தான்.

முதல் அடி தோளில் விழுந்தது. அவள் மேஜைமேல் சாய்ந்தாள், கீபோர்டு தெறித்தது. அவன் அவசரப்படவில்லை. உங்கள் தெரு ஸ்பீக்கரில் மட்டும் கடைசிச் சுரம் கரகரக்கிறது, கம்பம் கம்பமாக நின்று கேட்டுக் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொன்னான். சத்தம் வெளியே போகாமல் ஜன்னலில் பஞ்சு ஒட்டிய வீடு இது ஒன்றுதானாம்.

"மிஸோரேய எங்க அடைச்சு வச்சிருக்க? வெளிய விடு அவள."

சிகுசா அலறினாள். அலறலும் மிஸோரேயின் குரலில்தான் வந்தது, அத்தனை வருடப் பழக்கம். வலியில் அவள் வாய் கோணியதைக் கேமரா சிரிப்பு என்று எடுத்துக்கொண்டது. திரையில் நரிக்காதுக்காரி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கமெண்டுகள் கொட்டின. நடிப்பு பிரமாதம் என்றான் ஒருவன். பேய் வந்துடுச்சா என்றான் இன்னொருவன். ஆயிரக்கணக்கானவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரும் நம்பவில்லை.

அவன் அவள் கழுத்தைப் பிடித்து மேஜையோடு அழுத்தினான். கண் இருட்டியது. ஒன்று மிஸோரே சாக வேண்டும், இல்லை சிகுசா சாக வேண்டும். கால் முட்டியால் அவன் அடிவயிற்றில் இடித்தாள். பிடி தளர்ந்த நொடியில் மைக்கை இழுத்து, அம்மாவிடம் பேசும் தடித்த குரலில் பேசினாள்.

"என் பேரு தொகாஷி சிகுசா. இது வெளையாட்டு இல்ல. ஒருத்தன் என்னக் கொல்றான். போலீசுக்குச் சொல்லுங்க." ஊர்ப் பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னாள்.

கமெண்டுகள் அப்படியே நின்றுபோயின.

அவனும் நின்றுவிட்டான். முகம் வெளிறியது. "அந்தக் குரல் வேணாம். அவ குரல்ல பேசு," என்று கெஞ்சினான். அவள் மறுபடி தன் பெயரையே சொன்னாள். சுத்தியல் இறங்கியது. தடுத்த இடது கை முறிந்த சத்தம் நேரலையில் தெளிவாகக் கேட்டது.

வலது கைக்குப் பார்லி டீ இருந்த கண்ணாடி ஜாடி அகப்பட்டது. அதை அவன் காலடியில் வீசி உடைத்தாள். ஷூவோடு வந்திருந்தால் மிதித்துக்கொண்டே வந்திருப்பான். காலுறையோடு வந்தவன் அலறிக்கொண்டு வழுக்கி விழுந்தான். மரத்தரையில் டீயும் ரத்தமும் ஓடின. அவன் சுத்தியலுக்குக் கை நீட்டினான். மைக்கின் இரும்புத் தண்டால் அந்தக் கையை அடித்தாள். விரல்கள் நசுங்கின. போலீஸ் வந்து தண்டைப் பிடுங்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரிஹரா பழ ஜெல்லிப் பெட்டியோடு வந்து, தலை நிமிராமல் நின்றார். நேரம் மாறியதைத் தானே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு, மிஸோரேக்கு வேறு பெண்ணைக் குரல் கொடுக்க வைக்கக் கம்பெனி முடிவு செய்திருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மிஸோரேய நீங்களே வச்சுக்கோங்க ஒரிஹரா சார். அவ சிரிச்சுட்டுதான் இருந்தா. அடி வாங்குனது நான்."

வசந்தத்தில், வேறு ஊரில், சொந்த முகத்தோடும் தழும்போடும் சிகுசா மறுபடி நேரலைக்கு வந்தாள். பாதியில் அந்த ஊர்க் கம்பங்கள் பாடத் தொடங்கின. மைக்கை அணை, அணை என்று கமெண்டுகள் கதறின. விரல் பொத்தான்வரை போனது. பிறகு விலகியது.

"கேக்கட்டும். நான் ஒளிஞ்சது போதும்."

இசை முடியும்வரை அவள் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைத் துணிச்சல் என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா? நீங்களாக இருந்தால் அணைத்திருப்பீர்களா, சொல்லுங்களேன்?