இருபதாவது தாள்

சின்னச்சாமிக்குச் சந்தேகம் காலைக் காபி மாதிரி. ஒரு வாய் உள்ளே போகாவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. சிவகாசியில் பலவேசம் அண்ணாச்சியின் அச்சகத்தில், பைண்டிங் செக்‌ஷனுக்கு அவர் சூப்பர்வைசர். சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டு பெண்களின் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார். ரசம் கொண்டுவந்த வாளியிலும் டிசைன் வெளியே போகும் என்பது அவர் கட்சி.

முழுப் பழியையும் அந்த மனுஷன் மேல் போடவும் முடியாது. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் அந்த ஊரில் ஆடிப்பெருக்கு அன்றுதான் வெளிவரும். அதுவரை ஒவ்வொரு கம்பெனியும் தன் மாதிரிகளைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும். போன வருஷம், இரண்டாயிரத்து ஆறில், பலவேசம் கம்பெனிக்கென்றே வரைந்த அம்மன் படம் அதே நாளில் இன்னொரு கம்பெனி ஆல்பத்திலும் சிரித்துக்கொண்டிருந்தது. யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "ஒன் செக்‌ஷன்லருந்துதான் போயிருக்கு சின்னச்சாமி" என்று மட்டும் சொன்னார். பதினெட்டு வருஷம் உழைத்தவருக்கு அது செருப்படி.

இந்த வருஷம் மெஷின் பார்க்கச் சீனாவுக்குப் போன அண்ணாச்சி, மெஷினை விட்டுவிட்டு ஒரு காகிதப் பெட்டியோடு திரும்பினார். மூடியிருக்கும்போது தட்டையாக, நோட்டுப் புத்தகம் போலத்தான் இருந்தது. திறந்தால் எட்டுச் சின்ன அறைகள். ஓரத்தை விரலால் அமுக்கினால் ஒவ்வொன்றும் வாயைத் திறந்தது. அவற்றைத் தூக்கினால் அடியில் நாலு, அதற்கடியில் ரெண்டு, எல்லாவற்றுக்கும் கீழே, தெரியாதவன் கண்ணில் படாதபடி, ஒரே ஒரு பெரிய அறை. ஆக மொத்தம் பதினைந்து. அறையும் அறையும் சேரும் இடத்தில் துளிப் பசை. மற்றதெல்லாம் வெறும் மடிப்பு. அங்கே கிராமத்துப் பெண்கள் ஊசியும் நூலும் இதில்தான் பத்திரப்படுத்துவார்களாம். மதுரையில் ஒரு நகைக்கடைக்காரர் தீபாவளிப் பரிசுக்கு இதேபோலக் கேட்டார். மாதிரியைப் பார்க்கச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தவள் செக்‌ஷனில் ஒருத்திதான், வெள்ளைத்தாய். ஏழாயிரம்பண்ணைக்காரி. பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டியவள். அக்கா முருகம்மாள் வெடிமருந்து ரூமில் வெந்துபோனதிலிருந்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சொல்லிக் காகித வேலைக்கு வந்தாள். இந்த வேலை போனால் அவளுக்கு மறுபடியும் மருந்துதான்; அந்தக் காட்டில் வேறு பிழைப்பு கிடையாது. இது சின்னச்சாமிக்கு நன்றாகவே தெரியும். அவளை வேலைக்கு எடுத்ததே அவர்தான்.

மூன்றே நாளில் மடிப்பு அவள் கைக்கு வந்துவிட்டது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம். சின்னச்சாமிக்குப் புதுக் கவலை. தாளை அலமாரியில் வைத்துப் பூட்டலாம். விரல் கற்றுக்கொண்டதை எதில் வைத்துப் பூட்டுவது? அதற்குமேல் அவளுடைய கொழுந்தன் கருப்பணன் வேறொரு அச்சகத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். புதன்கிழமை ஊர் திரும்பும் கம்பெனி வேனுக்குக் காத்திருந்தபோது, வெள்ளைத்தாய் பஸ் டிக்கெட்டை மடித்து நகத்தளவு அறை ஒன்று செய்து பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டினாள். அதைச் சின்னச்சாமி பார்த்தார். 

மாதிரிக்கென்று இருபது தாளை அவரே எண்ணிக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டி முடிந்தது. அறைக்கு ஒன்றாகப் பதினைந்து. மடிப்புத் தப்பிக் கசங்கியது மூன்று. மிச்சம் ஒன்று. மறுபடி எண்ணினார். பத்தொன்பதுதான் வந்தது.

அவளையே கேட்டிருந்தால் ஒரு வாய்ப் பேச்சில் முடிந்திருக்கும். சந்தேகக்காரன் கேட்கமாட்டான், கேட்டால் திருடி உஷாராகிவிடுவாள் அல்லவா. அவள் தூக்குவாளியை எடுக்கப் போன நேரம் பார்த்து வேனுக்குப் போனார். ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் பதினாலு பேர் காதிலும் விழும்படி டிரைவர் இருளாண்டியிடம் சொன்னார்.

"வெள்ளத்தாயிய நாளையிலருந்து ஏத்த வேணாம். கை சுத்தமில்ல."

அவள் வந்து ஏறினாள். வேனில் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளை இறக்கிவிடும்போது இருளாண்டிதான் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், செக்‌ஷன் சாப்பாட்டுக்குப் போனதும் சின்னச்சாமி பெட்டியைக் கையில் எடுத்தார். எந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிறாள் என்பதற்கு உள்ளே ஒரு சீட்டாவது கிடைக்காதா என்று அவருக்கு நப்பாசை. எட்டையும் அமுக்கினார், நாலையும் கிளப்பினார், ரெண்டையும் உரித்தார். ஒன்றும் இல்லை. அடியில் இருந்த பெரிய அறையை நகத்தால் நெம்பி முழுக்கப் பிரித்துப் போட்டார். ஒரு தாள் இரண்டாக விரிந்தது. இருபதாவது தாள் அங்கே இருந்தது.

பட்டாசுக் குழாய் உருட்டுகிறவர்கள் வெளித்தாளை மட்டும் வைத்து உருட்டமாட்டார்கள். உள்ளுக்கு ஒரு தாள் கொடுத்தால்தான் குழாய் அமுங்காமல் நிற்கும். பெட்டியின் அடி தொய்கிறதென்று அவள் கை பழகிய புத்தியில் உள்தாள் கொடுத்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்தே மடித்ததால் வெளியே தெரியவில்லை. திருட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சின்னச்சாமிக்குக் காது சுட்டது. பிரித்ததை மடித்துப் பார்த்தார். ஒரு அறை கூட வாயை மூடவில்லை. தாள்களை அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணை பஸ் ஏறினார். வழியெல்லாம் கருவேலங்காட்டுக்கு நடுவே பட்டாசு ஷெட்டுகள். பெட்டிக்காகத்தான் போகிறோமா, அவளுக்காகவா என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஊரில் அவர் இறங்கி நின்ற டீக்கடைப் பக்கம், சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. சீசன் நேரம், கை கிடைத்தால் போதும், யாரும் ஊர் பேர் விசாரிக்கமாட்டார்கள். வெள்ளைத்தாய் இறங்கினாள். நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் மருந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே சின்னச்சாமி அட்டையை நீட்டினார்.

பிரிந்து கிடந்ததைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். கால் மணி நேரத்தில் பெட்டி பழையபடி எழுந்தது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே."

"தப்புதான் தாயி. நாளைக்கு வேன்ல வந்திரு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? நீக சொன்னத பதினாலு பேரு கேட்டிருக்காக. அதுல ஏளு பேரு எந்தெருக்காரவுக. நேத்து ராத்திரியே ஊரெல்லாம் திருடின்னு ஆகிப்போச்சு." பெட்டியை அவர் மடியில் வைத்தாள். "அந்தப் பதினாலு பேரு முன்னாடியும் வந்து சொல்லுவீகளா, நாந்தான் தப்பா சொல்லிட்டேன்னு?"

சின்னச்சாமி பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் பெண்பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டதே கிடையாது. அண்ணாச்சி காதுக்குப் போகும், செக்‌ஷனில் மரியாதை போகும் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. 

"சொல்றேன்" என்றார். "காலையில நானே வேன்ல வாறேன்."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.  எழுந்து போய்விட்டாள்.

சொன்ன சொல்லைச் சின்னச்சாமி காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் இருளாண்டிக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போனார். பதினாலு பேரும் ஏறும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வெள்ளத்தாயி ஒண்ணும் எடுக்கல. நாந்தான் புத்தி கெட்டுப்போயி அபாண்டமாச் சொல்லிட்டேன். தாளு பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. எல்லாரும் கேட்டுக்கோங்க."

 அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வெள்ளைத்தாய் வரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. இருளாண்டி ரெண்டு தரம் ஹாரன் அடித்தான்.

பின்சீட்டில் இருந்த இசைவாணி, வெள்ளைத்தாயின் பக்கத்து வீட்டுக்காரி, மெதுவாக வாயைத் திறந்தாள்.

"அது அப்பமே பட்டாசு வேன்ல போயிருச்சுண்ணே. நானும் நில்லு, அவுக வந்தாலும் வருவாகன்னு சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"நீக வரமாட்டீகன்னுச்சு."