பெரிய தொட்டியைக் காலி செய்த காலை

வண்ணமீன் கடைக்காரர் பிளாஸ்டிக் பைக்குள் காற்றை அடைத்து, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டைச் சுற்றும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே கட்டிக் கொடுப்பார்: "பெருசாயிட்டா கொன்னுடாதீங்க, பாவம். ஏரியில விட்டுடுங்க." அவர் இல்லாத நேரத்தில் மகள் சொல்வாள். பள்ளி விட்டதும் கல்லாவில் வந்து உட்காரும் அவளை வாடிக்கையாளர்கள் 'சின்ன முதலாளி' என்பார்கள்.

அந்த வாக்கியம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை, பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தோடு ஏரிக்குப் போன அன்று அவள் பார்த்தாள். மீனவர் இழுத்த வலையில் விற்கக்கூடிய மீன் பேருக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் கறுப்பாக, முள்ளும் செதிலுமாக, முழங்கை நீளத்துக்கு வளர்ந்த டேங்க் கிளீனர் மீன்கள். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் என்று கடைகளில் விரல் நீளத்தில் விற்கிறார்களே, அதே மீன். எங்கோ தொலைதூர ஆறுகளைச் சேர்ந்த அது, இங்கே கரையைத் துளைத்து முட்டையிடுகிறது, மற்ற மீன்களின் முட்டைகளைத் தின்கிறது, அதைத் தின்னத்தான் இங்கே ஆளில்லை என்று ஆசிரியை விளக்கினார். மீனவர் அதன் முள்ளில் சிக்கிக் கிழிந்த வலையை விரித்துக் காட்டினார். கிழிசல் வழியாக அவருடைய முகம் முழுதாகத் தெரிந்தது.

"எங்க வீட்டு மீனும் இதுல இருக்கும் மிஸ்," என்றான் வகுப்புத் தோழன். "இவங்க அப்பாதான் இங்க விடச் சொன்னாரு."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பள்ளிக் கண்காட்சியில் இதைப் பற்றி யார் பேசுவது என்று ஆசிரியை கேட்டபோது அவளே கை தூக்கினாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஏரியில் பார்த்ததையும் கண்காட்சியில் பேசப்போவதையும் சொன்னாள். இனி அந்த மீனை விற்க வேண்டாம், விற்றதைத் திரும்ப வாங்கிப் போட முன்பக்கத்துப் பெரிய தொட்டியைத் தர வேண்டும் என்று கேட்டாள். கடையிலேயே விலை உயர்ந்த மீன்கள் நீந்துவது அதில்தான். தெருவில் போகிறவர்களைக் கடைக்குள் இழுப்பதும் அதுதான்.

"வித்ததைத் திரும்ப வாங்குற மீன் கடைய எங்கயாவது பாத்திருக்கியா?" என்றார் அப்பா. "நம்ம கடைப் பேரை அங்க இழுத்தேன்னா, ஷட்டரை இறக்கிட்டு நானும் உன்கூட ஸ்கூலுக்கு வர வேண்டியதுதான்."

"அப்படியாவது நாலு எழுத்து படிப்பீங்க," என்றாள் அம்மா.

கண்காட்சி அன்று அப்பா கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பெரிய டப்பில் ஏரியில் பிடித்த மீன் ஒன்று அசையாமல் கிடந்தது. அவள் அதைத் தொட்டுக்கொண்டே பேசினாள். கரை, முட்டைகள், வலை என்று வரிசையாகச் சொல்லி வந்தவள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

"இது எங்க கடை மீனாவும் இருக்கலாம். ஏரியில விடச் சொன்னது எங்கப்பா. நானும் சொல்லியிருக்கேன். பாவம் பாக்கறதா நெனச்சுத்தான் சொன்னோம். இனிமே ஏரிக்குக் கொண்டு போகாதீங்க, எங்க கடைக்குக் கொண்டு வாங்க."

கடைசி வாக்கியத்துக்கு அவள் யாரிடமும் அனுமதி வாங்கியிருக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர், காசு திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். அரங்கம் சிரித்தது.

"காசு கெடைக்காது சார். வலை கிழியாது," என்றாள்.

சிரிப்பு கைதட்டலாக மாறியபோது அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் காலை இருவரும் கடை திறக்கப் போனார்கள். ஷட்டரின் முன்னால் வாளி, பெயிண்ட் டப்பா, பால் கேன் சகிதம் ஒரு வரிசை நின்றிருந்தது. முதல் ஆள் வகுப்புத் தோழன். கையில் குக்கர்.

"எங்க வீட்டுல மிச்சமிருந்த ஒண்ணு. குக்கரை அம்மாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். சீக்கிரம் வாங்கிக்க."

குக்கருக்குள் கறுப்பு வால் ஒன்று தண்ணீரை அடித்தது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். ஷட்டர் கடகடவென்று முழுதாக மேலே ஏறும் சத்தம் கேட்டது.

"என்ன பாத்துட்டு நிக்கிறே?" என்றார் அப்பா. "பெரிய தொட்டியக் காலி பண்ணு."

மதியத்துக்குள் தொட்டியில் இடமில்லை. ஆசிரியை பள்ளியின் மூடிய சிமெண்டுத் தொட்டியைத் தருவதாகச் சொன்னார். அப்பா மொத்த வியாபாரிக்குப் போன் செய்து, அடுத்த லோடில் அந்த மீன் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "என் பொண்ணு விடமாட்டேங்கிறா," என்று பதில் சொன்னார். குரலில் புகார் இல்லை, பெருமைதான் இருந்தது.

மாலையில் ஒரு பெண் தன் குழந்தைக்குத் தங்கமீன் வாங்கினாள். அப்பா பைக்குள் காற்றை அடைத்தார், முறுக்கினார், ரப்பர் பேண்டைச் சுற்றினார்.

"பெருசாயிட்டா கொன்னுடாதீங்க, பாவம்..."

உள்ளே வாளி கழுவிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

"...இங்கயே கொண்டு வாங்க," என்றார் அப்பா. "ஏரிப் பக்கம் போனீங்கன்னா எங்க சின்ன முதலாளி உங்க வீட்டுக்கே வந்துடுவா."