நாற்பத்தொன்றின் மேல்தளத்தில் ஒரு பசு

துறைமுகத்துச் சுவரில் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அக்காவுக்கு வயது தொண்ணூறு. இந்த வயதில் மற்றவர்களின் ஆசை காலையில் வயிறு ஒழுங்காகப் போவதோடு நின்றுவிடும். அக்காவுக்கு நிற்கவில்லை.

போரில் கடலோடு போனவர்களின் பெயர்கள் அந்தச் சுவரில் கப்பல் வாரியாக இருக்கின்றன. மேலே கப்பல், கீழே ஆட்கள். அப்பா எந்தக் கப்பலில் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. அப்போது அதெல்லாம் ரகசியம். ‘பணியில் இருக்கையில் காணாமல் போனார்’ என்று அம்மாவுக்கு ஒருவரிக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். கப்பல் இல்லாத ஆளுக்குச் சுவரில் இடமில்லை என்று அக்காவின் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள். இந்த வருட முடிவில் கடைசிக் கல்லைப் பதிக்கிறார்கள். அப்புறம் எதிரியே வந்து சிபாரிசு செய்தாலும் நடக்காது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அப்பா மேல்தளத்தில் நிற்கிறார். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை என்பதால் பல் மட்டும்தான் தெரியும். பின்னால் கப்பலின் எண் இருந்த இடத்தில் தணிக்கைக்காரர் மை பூசியிருந்தார்.

நான் ஐம்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவன். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரத்துச் செய்தித்தாளைப் படித்த ஒருவர் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட லென்ஸையெல்லாம் வைத்துப் பார்த்தும் மைக்கு அடியில் ஒன்றும் புலப்படவில்லை. தணிக்கைக்காரர் கடமை தவறாதவர்.

துப்பைப் பிடித்தவள் அக்காதான். சுக்கான் அறையைத் தொட்டுக் காட்டி, “ஆறு ஜன்னல்டா. ஒண்ணுல கண்ணாடி இல்ல, பலகை” என்றாள். கண்ணாடிக்காரன் எனக்கு அது தெரியவில்லை.

அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு கடற்படை ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே காப்பாளராக இருந்த பெண்மணி, ஒரு கோப்பை மூடி அடுத்ததைத் திறப்பதற்கு நடுவில் மட்டும் பேசுபவர். ஜன்னலில் பலகை அடித்த கப்பல் வேண்டும் என்று கேட்டேன். சிரிக்கவில்லை. பதினொரு நாள் எதிரெதிரே உட்கார்ந்து பழைய பட்டறைக் குறிப்புகளைப் புரட்டினோம். அங்கிருந்த தூசியில் நான் தும்மிய ஒரு தும்மலில் கடற்படையின் பாதி வரலாறு அடுத்த மேஜைக்குப் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் அகப்பட்டது. மீன் பிடிப்பதற்காகக் கட்டி, போர் வந்ததும் கண்ணிவெடி வாரப் போன ஆறு சின்னக் கப்பல்கள். யாரும் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்கள். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே இப்படி இருந்தது: ‘புயலில் சுக்கான் அறை ஜன்னல் ஒன்று உடைந்தது. கண்ணாடி கையிருப்பில் இல்லை. பலகை அடிக்கப்பட்டது.’ அப்பா காணாமல் போன அதே மாதம் அது கரையை விட்டுப் போயிருக்கிறது. பிறகு தகவல் இல்லை.

எண்பத்து நான்கு வயதில் மேஜையைத் தட்டிக் கத்தினேன். காப்பாளர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சிவப்பு மையில் ஒரு திருத்தம்.

“இது மூழ்கலையே ஐயா” என்றார்.

அடுத்த வருடம் நாற்பத்தொன்றைத் துறைமுகத்தில் பார்த்தவர் இருக்கிறாராம். போர் முடிந்து பழைய இரும்புக்கு உடைத்திருப்பார்களாம். சின்னப் போர்க்கப்பல்களைப் பற்றிய ஒரு தடிப் புத்தகம்தான் ஆதாரம். அதையும் எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். ‘துறைமுகத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் ஒருவர் ஏழு வயதில் இதை நேரில் கண்டிருக்கிறார். பச்சை வண்ணம். மாலுமிகளின் பாலுக்காக மேல்தளத்தில் ஒரு வெள்ளைப் பசு கட்டப்பட்டிருந்தது.’

அந்தப் பசுவை எனக்குத் தெரியும். கட்டியவனே நான்தான்.

நாற்பது வருடத்துக்கு முன் ஒரு மனிதர் கடைக்கு வந்தார். அவருடைய கண்ணாடியைச் சாணை பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். சும்மா உட்கார்ந்திருந்தவர் கப்பல் எண்களின் பட்டியல் ஒன்றை நீட்டி, இதில் எதையாவது பார்த்தது உண்டா என்று கேட்டார். வந்தவர் முகம் வாடக் கூடாது என்பது என் தொழில் தர்மம். என் கடையின் கதவு எண் நாற்பத்தொன்று. அதில் விரலை வைத்தேன். நாலு வயதை ஏழாக்கினேன். உண்மையில் அந்த வருடம் நாங்கள் மாமா வீட்டில், கடலிலிருந்து இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருந்தோம். பத்து வயதில்தான் நான் கடலையே பார்த்தேன். பசு எப்படி வந்தது என்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த மனிதர் கேட்டுக்கொண்டே எழுதினார். நல்ல கண்ணாடி, எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறார்.

காப்பாளரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டார்.

“அப்ப பொய் சொன்னேங்கறீங்க. இப்ப சொல்றது நெசம்னு யாரு சாட்சி?”

“நான்தான்.”

“புத்தகத்துக்கும் நீங்கதானே ஐயா சாட்சி.”

எழுதியவர் செத்துப் போய் இருபது வருடம். மாமா வீட்டுக் கதைக்கு அக்காவைச் சாட்சி சொல்ல வைக்கலாமா என்று கேட்டேன். விண்ணப்பம் போட்டவரே சாட்சி சொல்லக் கூடாதாம். சிவப்பு மையை அடிக்க வேண்டுமானால், கப்பல் மூழ்கியதை அறிந்த வேறு ஆள் வேண்டும். அறிந்தவர்கள் எல்லோரும் கப்பலோடு இருக்கிறார்கள்.

அக்காவிடம் சொல்லும்போது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு சட்டையை மடித்து முடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“எத்தன வயசுன்னு சொன்ன?”

“ஏழு.”

“எனக்குத்தான் அப்போ பத்து. யாராவது என்ன வந்து கேட்டாங்களாடா?”

விண்ணப்பம் மூன்றாம் தடவை திரும்பி வந்தது. இந்தத் தடவை காரணம் புதிது: அந்தக் கப்பலில் யாரும் சாகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அக்கா காப்பகத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். பக்கத்து அறையில் நாற்பத்தொன்றின் மாதிரி ஒன்று இருப்பதாகக் காப்பாளர் சொல்லியிருந்தார். யாரோ புத்தகத்தைப் படித்துவிட்டு மரத்தில் செய்து கொடுத்ததாம். கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கை நீளத்துக்கு, பச்சையாக நின்றது. சுக்கான் அறையில் ஆறு ஜன்னலுக்கும் கண்ணாடி. அரிசி அளவில் ஐந்து மாலுமிகள், ஒருவர்கூடக் கரிக்காரர் இல்லை. பின்பக்கம் வெள்ளைப் பசு. கழுத்துக் கயிற்றைக்கூட விடவில்லை.

அக்கா குனிந்து அதையே பார்த்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“இதுக்குத் தண்ணி காட்டினது யாருடா?” என்று கேட்டாள்.

பதில் தயாராக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்பாதான், வேறு யார். வேலை முடிந்து ஏறி வந்து, கரிக் கையைக் கழுவிவிட்டு, ஒரு வாளி. அதற்கு மேலும் வந்தது.

காப்பாளர் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் பேனா இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.