பற்றாத மருந்து

ஜார்ஜ் டவுன் சுடுதளத்தில் ரூபினி மேசைமேல் குனிந்து, குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டித்த பெரிய துப்பாக்கியின் விசையை இழுத்தாள். மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப் மட்டும் படக்கென்றது. உள்ளே மருந்து பற்றவில்லை.

“அசையாதம்மா! லேட்டா வெடிக்கலாம். ரெண்டு நிமிஷம் அப்படியே இரு லா,” என்றார் மேற்பார்வையாளர் அஸ்ஹர்.

முந்தைய வேட்டின் உதையில் கன்றிய காரை எலும்பின்மேல்தான் துப்பாக்கியின் பின்கட்டை அழுந்தியிருந்தது. இப்போது வெடித்தால் எலும்பு முறியலாம். நகரவும் முடியாது. வியர்வை கண்ணில் இறங்கியது.

“வலிக்குது அண்ணே. பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கின்னு கேப்பீங்கன்னு மறைச்சிட்டேன்.”

நேரம் முடிந்தும் வெடிக்கவில்லை. அஸ்ஹர் குழலைத் தாங்கியிருந்த மணல்மூட்டையை உயர்த்தி, அவளை நிமிர்ந்து உட்காரவைத்து, கட்டையைத் தோள்குழியில் பதித்தார். புதிய கேப் மாட்டினார்.

அவள் விசையை இழுத்தாள். இம்முறை வெடித்தது. தோள் பின்னுக்குப் போய் நின்றது, வலிக்கவில்லை. இலக்கின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. ரூபினியின் விரல்கள்தான் துப்பாக்கியிலிருந்து பிரிய வெகுநேரம் மறுத்தன.