பல்லோடு பல் முட்டாமல்

பொலிகண்டிக் கடற்கரையில் யாருடைய வலை கிழிந்தாலும் பஞ்சலிங்கத்தைத்தான் தேடி வருவார்கள். சுறா புகுந்து குதறிய வலையைக்கூட, பொத்திய இடம் தெரியாமல் சேர்த்துக் கொடுத்துவிடுவார். 1969ஆம் ஆண்டு மாரியில், அவருடைய நாற்பத்தாறாவது வயதில், அவருக்கு வாய் திறக்க முடியாமல் போயிற்று.

முதலில் சத்தம்தான் வந்தது. சோற்றை மெல்லும்போது இடக்காதுக்கு முன்னால் 'டொக்' என்றது. பக்கத்தில் இருந்த மனைவி குணலட்சுமிக்கும் அது கேட்டது. பிறகு அந்த இடத்தில் நோவு தொடங்கியது. பல்லுக் குற்றம் என்று நினைத்துப் போய் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் போயிற்று, நோ போகவில்லை. மைத்துனி உள்ளிப்பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். அதுவும் சரிவரவில்லை. மார்கழி பிறந்து நாலாம் நாள் காலை, புட்டை வாயில் வைக்கப் போனவருக்குத் தாடை பாதியில் நின்றுவிட்டது. அதன்பின் கஞ்சியும் சொதியும்தான் ஆகாரம்.

யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரியில் பல் வைத்தியர் பார்த்துவிட்டு, பல்லில் பிழையில்லை, தாடை மூட்டில்தான் என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டு எழுதி பிசியோதெரப்பிப் பகுதிக்கு அனுப்பினார். அங்கே கால் முறிந்தவர்கள் கம்பியைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள். குணலட்சுமியோடு வந்த பஞ்சலிங்கம் வாசலிலேயே நின்றார்.

"என்ரை கால் நல்லாத்தான் இருக்கு, மிசி," என்றார், திறவாத வாயால்.

வெள்ளைச் சட்டை போட்டிருந்த பெண் சிரித்தாள். பெயர் மார்கிரட். கொழும்பில் படித்துவிட்டு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "தாடைக்கும் எங்களிட்டை வேலை இருக்கு ஐயா. வந்து இருங்கோ."

இரண்டு காதுகளுக்கு முன்னாலும் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தாள். திறக்கும்போது தாடை இடப்பக்கம் இழுத்தது.

"உங்கடை விரலையே நெடுக்காய் அடுக்கி வாய்க்குள்ளை வச்சுப் பாருங்கோ. மூண்டு விரல் போகோணும்."

ஒரு விரல்தான் போயிற்று.

"என்ன தொழில்?"

"வலை பொத்துறனான்."

"நூலைப் பல்லாலை கடிச்சு அறுக்கிறனீங்களோ?"

"இல்லை. கத்தி இருக்கு."

குணலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவரைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். மார்கிரட் அதைக் கவனித்தாள். சுவரில் தொங்கிய பழைய கயிற்று வலையொன்றையும் நூல் கொஞ்சத்தையும் எடுத்துவந்தாள். கையால் பாரம் தூக்கிப் பழகுகிறவர்களுக்கு மணல்மூட்டை கட்டும் வலை அது. ஒரு கண்ணி அறுந்திருந்தது.

"வந்தனீங்கள், இதையும் ஒருக்காச் சேர்த்துத் தாங்கோ."

பஞ்சலிங்கத்துக்கு முகம் தெளிந்தது. அந்த அறையில் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். விரல்கள் தாமாக ஓடின. முடிச்சை இறுக்கினார், நூலை உதட்டுக்குக் கொண்டுபோய் முன்பல்லில் வைத்துக் கடித்தார். கடித்த நோவில்தான் தான் செய்ததே அவருக்குத் தெரிந்தது. முழங்கைக்குப் பக்கத்தில், மேசையில், கத்தரிக்கோல் கிடந்தது.

"என்ரை அப்பாவும் கரையூரிலை வலை பொத்துறவர்தான்," என்றாள் மார்கிரட். "அவரும் கடிக்கிறேல்லை எண்டுதான் சொல்லுவார். முன்பல்லிலை பார்த்தால் நூல் போன தடம் இருக்கு. பருத்தி நூல் எண்டால் லேசாய் அறுந்திடும். உந்த நைலோன் அப்பிடியே? ஒரு நாளைக்கு எத்தினை முடிச்சுப் போடுறீங்கள்?"

"எண்ணினதில்லை. முந்நூறு வரும்."

"தாடை பாவம் எல்லோ."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் நொந்தது.

மார்கிரட் சொல்லிக் கொடுத்தபடி, காலையும் மாலையும் சுடுதண்ணீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் வைக்கவேண்டும். 'ன்' என்று சொல்லப் போகும் இடத்தில் நாக்கு நுனியை ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி, தாடை ஒரு பக்கம் இழுபடாமல் மெல்லத் திறந்து மூடவேண்டும். வெற்றிலை கூடாது. "சும்மா இருக்கேக்கை சொண்டு மூடியிருக்கட்டும், ஆனால் பல்லோடை பல்லு முட்டக்கூடாது," என்றாள். அதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. வேலையில் குனிந்தாலே பல் தானாக இறுகிவிடும். குணலட்சுமி கிணற்றடியில் நின்றும் அடுப்படியில் நின்றும் அவர் கன்னத்தைப் பார்த்தபடி "பல்லு" என்பாள். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் அவள் தன் முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

தை நடுப்பகுதியில் இரண்டு விரல் போயிற்று. கழுத்தில் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டுதான் வேலை செய்தார். ஒரு நாள் கடல் திடீரென்று அடங்க, அவருடைய தம்பி ஏரம்பு பின்னேரத்துக்குள் வலை வேணும் என்று வந்து நின்றான். அவசரத்தில் இரட்டை நூலை ஒரே கடியாகக் கடித்தார். தாடை பழையபடி பூட்டிக்கொண்டது.

தடிமன், தொண்டை நோ என்று சொல்லி இரண்டு நாள் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாம் நாள் குணலட்சுமி நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கை போறாய்?"

"ஆசுபத்திரிக்கு. நீங்கள் வராட்டி நான் தனியப் போய் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுவன்."

அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

"கடிச்சுப்போட்டன், மிசி," என்று, கதிரையில் இருக்குமுன்பே சொன்னார். மார்கிரட் ஏசவில்லை. கையுறை போட்டு, பெருவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பல்லின்மேல் வைத்தாள். "நொந்தால் என்ரை கையிலை தட்டுங்கோ, விட்டிடுவன். தாடையை என்னட்டை விடுங்கோ. நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்."

ஒன்றும் செய்யாமல் இருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் மெல்லக் கீழே அமர்த்தி முன்னுக்கு இழுத்தாள், விட்டாள், மறுபடி அமர்த்தினாள். நாலாவதோ ஐந்தாவதோ தடவை உள்ளே ஏதோ வழுக்கி இறங்கியது. வாய் திறந்தது. பஞ்சலிங்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"நொந்ததோ?"

"இல்லைப் பிள்ளை," என்றார். அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டது அன்றுதான்.

பிறகு அவர் ஏமாற்றவில்லை. பங்குனி முதல் கிழமையில் மூன்று விரலும் போயிற்று. இனி வரத் தேவையில்லை என்று மார்கிரட் சொன்னபோது குணலட்சுமிதான் கவலைப்பட்டாள். ஒரு நாளைக்குப் பொலிகண்டிக்கு வரச் சொல்லி, பஸ் நம்பரும் சொல்லி, வீட்டுக்கு வழியும் இரண்டு தரம் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல வெயில், நல்ல காற்று. வல்லை வெளி தாண்டும்போது பஞ்சலிங்கம் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். குணலட்சுமி அவர் கையைத் தட்டினாள்.

"இப்ப என்ன செய்தனீங்கள் தெரியுமோ?"

"என்ன?"

"கொட்டாவி. முழுக்க."

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். நோ இல்லை, சத்தமும் இல்லை. சந்தியில் இறங்கியதும் கச்சான் கடலை இரண்டு சரை வாங்கினார்கள். வீடு வரைக்கும் ஒவ்வொன்றாக உடைத்து, ஆறுதலாக மென்றுகொண்டே நடந்தார்கள்.