வெளிச்சம் ஒழுகிய இடம்

பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவரின் முகம் எந்த ஃபிலிமிலும் விழாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய கல்யாணப் படத்தில் பெண் நிற்கிறாள், பக்கத்தில் உலையிலிருந்து எடுத்த இரும்புப் பாளம் மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு கீற்று நிற்கிறது, அதற்குக் கீழே பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. டிப்போ ஊழியர் குரூப் படம், மகளின் பிறந்தநாள் படம், எல்லாவற்றிலும் அதே கீற்று, அதே ஷூ. படங்களை மட்டுமே பார்த்திருந்த வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அவர் மனைவியை, 'பாவம், ஷூவைக் கட்டிக்கிட்டவ' என்று பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலை அவருக்கு. ஊரார் அவரை அச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படிப்பவருக்கு, கணவர் படத்தில் விழாதது ஒரு பெரிய அதிசயமாகப் படவில்லை.

டிரைவருக்கும் அது ஒரு குறையாக இருந்ததில்லை, லைசென்ஸ் புதுப்பிக்கிற வருஷம் தவிர. அப்போதும் அவருடைய அண்ணன் கை கொடுத்தார். இருவருக்கும் மூக்கும் முழியும் ஒரே அச்சு. தம்பியின் லைசென்சில் அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை அண்ணன் நெஞ்சு வரை தாடி வளர்த்துவிட்டார். "உன் லைசென்சுக்கு எத்தனை தடவைடா நான் சவரம் பண்றது? போடா!" என்று கதவைச் சாத்திக்கொண்டார். போதாக்குறைக்கு லைசென்ஸ் ஆபீசுக்குப் புதிதாக ஒரு குமாஸ்தா வந்திருந்தார். எதிரே நிற்கிற ஆளை நிமிர்ந்து பார்க்கிற குமாஸ்தா அந்த ஆபீசுக்கு வந்தது அதுவே முதல் தடவை. சொந்த முகம் வேண்டும், இரண்டு காதும் தெரியவேண்டும், மாதக் கடைசிக்குள் படம் வராவிட்டால் பஸ் சாவியை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு டயர் கழுவப் போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

லீவு நாளில்கூடப் பதினேழாம் நம்பரில் பயணியாக ஏறி, பள்ளம் வருவதற்கு முன்னால் காலால் தரையை அழுத்துகிற மனிதர் டிரைவர். தூக்கத்தில் தலையணையை இடது பக்கம் ஒடித்து, ஆஸ்பத்திரி முனையில் திருப்புவார். அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், கைகளை மேஜைமேல் வைத்தார், மடியில் வைத்தார், மறுபடியும் மேஜைமேல் வைத்தார். "பஸ்ஸைப் பிடுங்கிட்டா இந்தக் கையை நான் எங்கடி வெச்சுக்கிறது?" என்று கேட்டார். மறுநாள் காலையில் அச்சக்கா அவரைத் தன் தம்பியின் கடைக்கு அனுப்பிவைத்தார்.

அச்சக்காவின் தம்பி பழைய கேமராக்களைப் பழுது பார்ப்பவர். பட்டப்பெயர் டார்ச். கையில் டார்ச் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. லென்சுக்குள் அடித்துப் பார்ப்பார், ஷூவுக்குள் அடித்துப் பார்ப்பார், எதிரே யாராவது கொட்டாவி விட்டால் அதற்குள்ளும் அடித்து, கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஸ்டவ் ரிப்பேர் கடைக்கு மேலே, மாடிப்படி திரும்புகிற இடத்தில் அவர் கடை. "ஆள் மேல தப்பே இருக்காது மாமா. தப்பு எப்பவும் பெட்டி மேலதான். பெட்டின்னா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, அப்பா காலத்துத் துருத்தி கேமராவை அலமாரியிலிருந்து இறக்கினார். உள்ளங்கை அகல ஃபிலிம் போடுகிற பெட்டி. தூக்கினால் செங்கல், விரித்தால் ஆர்மோனியம்.

முதலில் லென்ஸ். பின்னாலிருந்து டார்ச் அடித்தால், குளித்துவிட்டு வந்த அறையின் கண்ணாடி மாதிரி வெளுத்துக் கிடந்தது. லென்ஸ் குழாயில் போட்ட கிரீஸ் வருஷக் கணக்கில் ஆவியாகி உள்பக்கக் கண்ணாடிகளில் படிந்துவிடும். வளையத்தைத் திருகிக் கழற்றி, மருந்து தொட்டுத் துடைத்தால் போய்விடும். இந்த லென்ஸ் அவர் அப்பா காலம் முதல் திறக்கப்படாதது என்பதால், மங்கல் உள்ளேயே நன்றாக ஊறியிருந்தது. வளையம் கழன்றதும் அது தானாக வெளியே வந்தது. மேஜையில் புரண்டு, படியில் இறங்கி, தெருவில் போய் மூடுபனியாக நின்றது. வியாழக்கிழமை வரை நகரவில்லை. பால்காரர் வீடு மாற்றி ஊற்றினார். எல்லா வீட்டிலும் தண்ணீர் ஒரே அளவு என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சுவர்த் தகராறில் தலைமுறைக் கணக்காகப் பேசாமலிருந்த இரண்டு வீட்டார், எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் சௌக்கியம் விசாரித்துத் தொலைத்தார்கள். மூட்டம் விலகியபோது மறுபடியும் சண்டை போடுவதற்கான கட்டம் தாண்டிப்போயிருந்தது. லென்சோ அவ்வளவு தெளிவாகிவிட்டது. ஒரு ஈ வெறும் ஓட்டை என்று நினைத்து உள்ளே பறந்து, நெற்றியில் அடிபட்டு விழுந்தது.

அந்த லென்சில் எடுத்த முதல் படத்தில் அச்சக்காவின் நகக்கண்ணில் இருந்த மசிகூடத் தெரிந்தது. பக்கத்தில் கீற்றும் ஷூவும்.

"லென்ஸ் சரி. பெட்டி ஒழுகுது" என்றார் டார்ச். வேண்டாத வெளிச்சம் பெட்டிக்குள் புகுவதைத்தான் அவர் தொழிலில் ஒழுகல் என்பார்கள். டிரைவர் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் டார்ச்சை எரியவிட்டதும், மடிப்பு முனைகளிலெல்லாம் ஊசித் துளைகள் நட்சத்திரங்களாக மின்னின. கீழ்க்கடை ஸ்டவ்காரர் மேலே வந்து சப்தரிஷி மண்டலத்தை அடையாளம் காட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கறுப்புப் பசை வைத்து டார்ச் அணைத்தார். கேமராவின் பின்கதவு ஓரத்தில் இருந்த பஞ்சு தாராக உருகிப்போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கறுப்பு நூல் திணித்தார். அந்த வாரம் அச்சக்காவின் கறுப்பு ஸ்வெட்டரில் ஒரு கை காணாமல் போனது. அந்தக் கதவில் படம் எண்ணிப் பார்க்கிற சின்னச் சிவப்பு ஜன்னலையும் ஒட்டி மூடினார். படம் எடுத்தார். கீற்று. இரட்டை லென்ஸ் பெட்டியில் எடுத்தார், ஸ்டூடியோக்காரரின் முக்காலிப் பெட்டியைக் கேட்டு வாங்கி எடுத்தார். கீற்று, கீற்று.

அப்போது டார்ச் தன் தொழில் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தார். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, டார்ச்சை மாமாவின் மேல் அடித்தார். "மாமா, பெட்டி ஒழுகல. நீங்கதான் ஒழுகறீங்க."

டிரைவர் கோபப்படவில்லை. "எந்த எடத்துல மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. பதினேழாம் நம்பர் காலையில் நேர் கிழக்கே போகும், சாயங்காலம் நேர் மேற்கே திரும்பும். போகும்போதும் வரும்போதும் சூரியன் மூஞ்சியில்தான். ஒரு மனுஷன் எவ்வளவு வெயிலைத்தான் உள்ளே பிடித்து வைத்திருப்பான், நிரம்பினால் வழியாதா என்று ஸ்டவ்காரரும் ஒத்துக்கொண்டார்.

எங்கே ஒழுகுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது டார்ச்சுக்குக் கைவந்த கலை. எல்லாப் படத்திலும் கீற்று டிரைவரின் இடது காதுப் பக்கம் ஆரம்பித்தது. "படத்துல மேலன்னா ஒழுகற எடம் கீழ. படத்துல இடதுன்னா ஒழுகற எடம் வலது. உள்ள எல்லாம் தலைகீழா விழும் மாமா. இது பாலபாடம்" என்றார். ஆகவே ஒழுகுவது வலது குதிகால். பார்த்தால் அங்கே பித்தவெடிப்பு, வாய்க்கால் வாய்க்காலாக! டார்ச் துள்ளிக் குதித்தார். வெடிப்புகளைக் கறுப்புப் பசையால் அடைத்தார், மேலே வெல்வெட் ஒட்டினார், ஷூவுக்குள் கம்பளி வைத்தார். கீற்று போகவில்லை. பசையைச் சுரண்டிவிட்டு இன்னும் நல்ல பசை போட்டார். மாதம் ஓடிக்கொண்டிருந்தது, குதிகால் பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. செய்தி டிப்போவுக்குப் பரவி, வெடிப்புக்கால் கண்டக்டர்கள் மாடிப்படியில் வரிசை கட்டினார்கள். ஊரின் பாதிக் கால்கள் குணமாயின. படத்தில் மட்டும் கீற்று கீற்றாகவே நின்றது.

கடைசி வெள்ளிக்கிழமை, டிரைவர் பதினேழாம் நம்பரைத் தானே கழுவி, ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக டிப்போ காவலாளி அச்சாபீசுக்கு வந்து சொன்னார். அச்சக்கா கையில் மசியோடு, கோத்துக்கொண்டிருந்த வரியைப் பாதியில் போட்டுவிட்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு தம்பி கடைக்கு ஏறினார். எல்லாப் படங்களையும் மேஜையில் பரப்பிப் பார்த்தார்.

"டேய், ஷூ எல்லாப் படத்துலயும் நல்லாத்தானேடா விழுந்திருக்கு?"

"ஆமாக்கா."

"குதிகால் ஒழுகினா ஷூதானேடா வெளுக்கணும்?"

"அக்கா, உனக்குத் தெரியாது. உள்ள எல்லாம் தலைகீழா—"

"எனக்கா தெரியாது? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தலைகீழாத்தாண்டா படிக்கிறேன். ஆனா வீட்டுக்கு வந்து பேப்பரைப் பிரிச்சா நேராப் படிப்பேன். பெட்டில ஓட்டைன்னா தலைகீழாப் பாரு. இவரு என்ன பெட்டியா? வெளிய நிக்கற ஆளுடா! படத்துல காதுன்னா காதுதான்!"

வெகு காலமாக எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் பழகிய டார்ச்சின் மூளைக்கு, ஒரு விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்பது தோன்றவேயில்லை. "அட, ஆமால்ல" என்றார். டிரைவர் தன் மிருதுவான குதிகாலை ஒரு முறை சோகமாகத் தடவிக்கொடுத்தார்.

கதவைச் சாத்தினார்கள், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள், பட்டப்பகலில் அறை கும்மிருட்டானது. டிரைவரின் இடது காதிலிருந்து, விரல் தடிமனுக்கு, வெண்ணெய் நிறத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதில் தூசி மிதந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்றார் அச்சக்கா. "இது நீங்களா? தெருவிளக்குன்னு நினைச்சுல்ல கல்யாணம் ஆனதுலேர்ந்து ஜன்னலுக்குத் திரை மாத்திட்டிருக்கேன்!" அந்த விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று நகராட்சிக்கும் அவர் போய்ப் புகார் சொல்லியிருந்தார். அந்தத் தெருவில் விளக்கே போட்டிராத நகராட்சி, கூடிய சீக்கிரம் வெளிச்சத்தைக் குறைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தது.

டார்ச் சுறுசுறுப்பானார். காதில் கம்பளி அடைத்தார். வெளிச்சம் மூக்கு வழியாக வந்தது. மூக்கைப் பிடித்தார், "மூச்சு முட்டுதுடா" என்று டிரைவர் சொன்ன வார்த்தை எதிர்ச்சுவரில் பளிச்சென்று அடித்தது. அடைத்தாலும் படம் உதவாது, காது தெரியவேண்டும் என்பது குமாஸ்தாவின் உத்தரவு. டார்ச் பசைக்கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளிச்சத்தை அடைக்க மட்டுமே தெரிந்த மனிதர் அதற்கு மேல் என்ன செய்வார்? டிரைவரின் கைகள் இருட்டில் ஆஸ்பத்திரி முனையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தன.

அச்சக்கா பெரிதாகப் பெருமூச்சு விட்டார். மறுநாள் அச்சேறவேண்டிய ப்ரூஃப் தாள் ஒன்று பையில் இருந்தது. சும்மா உட்காருவது அவருக்கு ஆகாது. கணவரின் இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு, தாளை விரித்து, காது வெளிச்சத்தில் பிழை திருத்த ஆரம்பித்தார். காதிலிருந்து போன வெளிச்சம் வெள்ளைத் தாளில் பட்டு, திரும்பி வந்து, டிரைவரின் முகத்தில் இதமாக விழுந்தது. மூக்கு, மீசை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் துலங்கியது.

"அக்கா, அசையாத!" என்று கத்தினார் டார்ச். "வெயில்ல வெச்சு எடுத்ததுதான் தப்பு. வெயிலும் இதுவும் சேர்ந்துதான் வழிஞ்சிருக்கு. இருட்டுல இது ஒண்ணே போதும்!"

துருத்தி கேமராவை நிறுத்தி, லென்சின் கண்ணை ஊசி முனைக்குச் சுருக்கி, ஷட்டரைத் திறந்தே வைத்தார். வெகுநேரம் ஆடாமல் இருக்கவேண்டும். டிரைவரின் கைகளோ அடங்கவில்லை. அச்சக்கா தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பஸ் ஸ்டாப்ல நிக்குது. ஆள் ஏறிட்டிருக்காங்க. ஆடாதீங்க" என்றார். டிரைவர் ஆடவில்லை.

படத்தைக் கழுவித் தூக்கியபோது டிரைவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இது யாரு, எங்க அண்ணனா?"

"உங்க அண்ணனுக்கு இவ்வளவு லட்சணம் ஏது?" என்றார் அச்சக்கா.

படத்தில் முகம் முழுசாக இருந்தது. வலது காது சாதாரணமாகவும், இடது காது உதயம் மாதிரியும் தெரிந்தது. ஓரத்தில் பக்கவாட்டில் அச்சக்காவும் இருந்தார், கையில் தாளோடு. லைசென்ஸ் படத்தில் மனைவி எதற்கு என்று டார்ச் கத்தரிக்கோலால் அவரை வெட்டி எடுத்தார். மறுகணமே மீதித் துண்டில் டிரைவரின் முகம் இருண்டுபோனது. தாள் இல்லாமல் வெளிச்சம் திரும்பி வராதல்லவா? இரண்டு துண்டையும் ஒட்டவைத்தார். முகம் மறுபடியும் துலங்கியது. அப்படியே கொண்டுபோனார்கள். குமாஸ்தா படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து ஆளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்து எண்ணினார். "ரெண்டு காது கேட்டோம், மூணு இருக்கு. கூட இருந்தா பரவாயில்ல" என்று முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு பதினேழாம் நம்பருக்குள் பல்பு ஃபியூஸ் போனால் டிப்போவில் யாரும் மாற்றுவதில்லை. டிரைவரின் இடது காது பஸ்ஸுக்குள் பார்த்தபடி இருப்பதால் கண்டக்டர் அந்த வெளிச்சத்திலேயே டிக்கெட் கிழிக்கிறார். முன் சீட்டுகளுக்குப் பேப்பர் படிக்கிறவர்களிடையே பெரும் போட்டி. இன்ஜின் பக்கத்தில் யாராவது நின்று மறைத்தால் பின்னாலிருந்து திட்டு விழும். ஏதாவது ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "டிரைவர் தம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க, குறுக்கெழுத்துக் கட்டத்துல ஒரே ஒரு எழுத்துதான் பாக்கி" என்பார். டிரைவரும் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை அரை அங்குலம் சாய்த்துக் கொடுப்பார்.